எந்தக் கால் என்று கேட்டவன்

காலை எட்டு மணிக்கு அரங்கத்தைப் பெருக்க வந்த அம்மாள்தான் முதலில் பார்த்தாள். மேடையின் வலது ஓரத்தில், சுவரோடு பொருத்திய இரும்பு ஏணியின் அடியில், வெளிச்சம் மல்லாந்து கிடந்தார்.

வெளிச்சம் என்பது பட்டப்பெயர். மேடை விளக்குகளை மாட்டுவது, திருப்புவது, அணைப்பது எல்லாம் அவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்று நடிகர்கள் கேலி செய்வார்கள். அன்று அந்த அம்மாள் என்ன சொல்லிக் கத்தியும் அவர் திரும்பவில்லை. கத்தலைக் கேட்டு ஓடிவந்தவர் மேனேஜர். கட்டடத்துக்குள் அந்த நேரத்தில் வேறு ஆளில்லை. அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண். போன வருடம் வலது கணுக்கால் உடைந்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கிய கால். திருடனைத் துரத்தும்போது விழுந்தார் என்று ஸ்டேஷன் முழுக்கப் பேச்சு. உண்மையில் விழுந்தது வீட்டுக் குளியலறையில், சோப்பை மிதித்து. திருடன் கதையை அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஆனால் அந்தக் கால் அவருக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருந்தது. குனிந்து உட்காரச் சிரமப்பட்டு, இடது கையை ஊன்றி, இறந்தவரின் அருகே உட்கார்ந்தார்.

கழுத்து முறிந்திருந்தது. முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. இடது ஷூ இறுக்கிக் கட்டியிருந்தது. வலது ஷூவில் கயிறே இல்லை. பக்கவாட்டை பிளேடால் கீறி அகலப்படுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேண்ட்டின் வலது காலை மெதுவாகச் சுருட்டினார். கணுக்கால் வீங்கியிருந்தது. அதற்கு மேலே கெண்டைக்கால் சூம்பி, இடது காலில் பாதிதான் இருந்தது.

"மேலே ஏறிப் பாருப்பா," என்றார் கான்ஸ்டபிளிடம். "எதையும் தொடாதே."

ஏணியின் உச்சியில் விளக்குகள் தொங்கும் பாலம். பாலத்துக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. கான்ஸ்டபிள் பாதி ஏணியில் நின்று குரல் கொடுத்தான்.

"இந்தப் படியில ரப்பர் தேய்ச்ச கறுப்புக் கோடு இருக்கு மேடம். புதுசு."

"கதவு?"

"சாத்தியிருக்கு. தாழ் போட்டிருக்கு."

"தாழ் எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான். ஏணிப் பக்கம்."

"பாலத்துக்கு வேற வழி?"

"இல்ல மேடம். இது ஒண்ணுதான்."

"சரி, பார்த்து இறங்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் மேடை விளிம்பில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அவர் எப்ப வந்தார்?"

"ஆறரை இருக்கும். சாயங்காலம் நாடகம். விளக்கைத் திருப்பணும்னு வந்தான்."

"நீங்க?"

"ரூம்ல. கதவைச் சாத்திக்கிட்டு போன் பேசிக்கிட்டிருந்தேன்."

"யார்கிட்ட?"

"என் அக்கா பையன்கிட்ட."

"என்ன பேசினீங்க?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "அவனுக்கு விளக்கு வேலை தெரியும் மேடம். வெளிச்சத்தால முடியலைன்னா..."

"வெளிச்சத்தால முடியலையா?"

"ஏழு மாசம் முன்னாடி கணுக்கால் உடைஞ்சு ஆபரேஷன். அப்புறமும் நொண்டினான். வீக்கம்தான், போயிடும்னான். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தாத்தான் ஏணியில ஏறலாம்னு நான்தான் கறாரா சொன்னேன். அதுக்கு வாரம் பூரா சண்டை. கடைசியில போன மாசம் செக்கப்புக்குப் போய் எழுதியே வாங்கிட்டு வந்துட்டான். நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் வெளிச்சத்தின் மனைவி வந்தாள். பின்னால் அவருடைய தம்பி. அண்ணனைவிடப் பத்து வயது இளையவன் என்றாலும் அதே நெற்றி, அதே மூக்கு, அதே உயரம். ஒரு கணம் இன்ஸ்பெக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. மனைவி உடலருகே விழுந்து அழுதாள். அழுது முடிக்காமலே எழுந்து மேனேஜரின் சட்டையைப் பிடித்தாள்.

"பாவி! உன் அக்கா மகனுக்கு வேலை வேணும்னா கேட்டு வாங்கியிருக்கலாமே! உயிரை எடுக்கணுமா?"

"அம்மா, நான் ஒண்ணும்..."

"நல்லா நடக்கிற மனுஷன் மேடம். ஆஸ்பத்திரியிலேயே கால் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. இருபத்தஞ்சு வருஷம் ஏறி இறங்கின ஏணி. தானா எப்படி விழுவாரு? யாரோ தள்ளித்தானே விழணும்?" இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "யாருன்னு சொல்லிடுங்க. அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"சொல்றேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது. தம்பி யாரையும் பார்க்கவில்லை. ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேனேஜரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். சண்டை இருந்திருக்கிறது, ஆதாயம் இருக்கிறது, ஆளும் அவர் ஒருவர்தான். சாயங்காலத்துக்குள் கொலை வழக்குப் போட்டுவிட வேண்டும், இன்னும் என்ன யோசனை என்றார். கதவின் தாழ்தான் யோசனை என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தள்ளவில்லை என்றால், ஆஸ்பத்திரி பாராட்டிய கால் எப்படி வழுக்கிற்று? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பகல் பன்னிரண்டுக்கு வெளிச்சத்தின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு பால்கனி. ஒரு அறை தம்பியுடையது. தாய் தகப்பன் இல்லாத அவனைப் பள்ளிக்கூட வயதிலிருந்து வளர்த்தது அண்ணன்தான். பால்கனிக் கொடியில் ஒரு ஜோடி வெள்ளைச் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. தடிமனானது, முழங்கால் வரை வருவது, அடியில் வழுக்காத ரப்பர்ப் புள்ளிகள்.

"இது யாரோடதும்மா?"

"ஆஸ்பத்திரியில கொடுத்ததாம். பையில கிடந்துது, துவைச்சுப் போட்டேன்."

"வலது ஷூ ஏன் கிழிச்சிருக்கு?"

"ரெண்டு மாசமாவே வீங்கி வீங்கிப் போகுது. ஷூ நுழையல. பழைய ஷூவைக் கிழிச்சு மாட்டிக்கிட்டாரு. நடக்க நடக்கச் சரியாயிடும்னாரு."

"போன மாசம் செக்கப்புக்கு அவரோட யார் போனது?"

"தம்பிதான் கூட்டிட்டுப் போனாரு."

தம்பி வாசற்கதவில் சாய்ந்து நின்றான். "நான் உள்ள போகல மேடம். அந்தக் கட்டடத்துக்குள்ள காலே வைக்கல. கேட்டுக்கு வெளிய, மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தேன். அண்ணன் போனாரு, அரை மணி நேரத்துல வந்துட்டாரு."

"வந்து என்ன சொன்னார்?"

"எல்லாம் நல்லா இருக்காம்னாரு." அவன் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. இன்ஸ்பெக்டர் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று படி ஏறினாலே அவருடைய கால் முனகும். இறங்கும்போதுதான் இன்னும் அதிகம். ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது உடைந்த காலை முதலில் வை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்து அப்படியே இறங்கினார். உடைந்து ஒரு வருடம் ஆகியும், அவருடைய சூம்பிய கெண்டைக்கால் இப்போதுதான் கொஞ்சம் சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. வெளிச்சத்துக்கு ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டருக்குப் பேசுவதென்றால் கரும்பு தின்பது மாதிரி. இன்ஸ்பெக்டர் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு ஸ்க்ரூவா, நூலா?"

"தகடும் ஸ்க்ரூவும். அது என்ன நூல்?"

"கணுக்காலுக்கு மேல ரெண்டு எலும்பும் சேர்ற இடம் பிஞ்சு போச்சுன்னா, காலங்காலமா ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுவோம். ஆனா அந்த இடம் இயல்பா அசையற இடம். இறுக்கினா அசைவு போச்சு. சில சமயம் ஸ்க்ரூவே உடையும். இப்ப ரெண்டு பக்கமும் ஒரு குட்டி உலோகப் பட்டன், நடுவுல ஒரு வலுவான நூல். அசைஞ்சும் கொடுக்கும், பிடிச்சும் நிக்கும். எங்க பார்த்தாலும் இப்ப இந்த ஆராய்ச்சிதான். எது மேல்னு சண்டை ஓயல. அதான் நாங்களும் இறங்கியிருக்கோம்."

"வெளிச்சத்துக்கு எது போட்டீங்க?"

"குலுக்கிப் போட்டு எது வருதோ அதுதான். நோயாளிக்கும் தெரியாது, அப்புறம் கால் எவ்வளவு தேறியிருக்குன்னு அளக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, அவங்களுக்குப் பிடிச்ச பக்கம் மனசு சாஞ்சிடும். அளக்கிறவங்க தழும்பைக்கூடப் பார்க்கக் கூடாது. ரெண்டு காலுக்கும் முழங்கால் வரை ஒரே மாதிரி சாக்ஸ். ஒருத்தரை முன்னாடி அளந்தவங்க மறுபடி அளக்கவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் புது ஆள்." டாக்டர் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அவ்வளவு சுத்தம்."

"போன மாசம் எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"ஆறாம் மாசம் எக்ஸ்ரே கிடையாது. தேவையில்லாம எடுக்க மாட்டோம். அளவு மோசமா இருந்தாத்தான் என்கிட்ட அனுப்புவாங்க. இவருடையது பிரமாதம். வேலைக்குப் போகலாம்னு தானாவே கடிதம் போயிடும்."

"அவருடைய காலை நீங்க இன்னிக்குப் பார்த்தீங்களா?"

"இல்லையே."

"கீழ பிணவறையில இருக்கார். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க டாக்டர்."

அளந்த பெண் இளம் வயதுப் பிசியோதெரபிஸ்ட். செய்தி கேட்டதிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. தான் அளந்ததில் ஏதோ தப்பு, அதனால்தான் ஒரு மனிதர் செத்தார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"எப்படி அளப்பீங்க?"

"சுவரைப் பார்த்து நிக்கச் சொல்லுவேன். குதிகால் தரையைவிட்டு எழும்பாம முழங்காலைச் சுவர்ல தொடணும். அப்புறம் ஒத்தக் கால்ல எம்பி எம்பி நிக்கணும். அவர் ரெண்டுமே அருமையா செஞ்சாரு மேடம். சத்தியமா."

இன்ஸ்பெக்டர் இறந்தவரின் படத்தைக் காட்டினார். "இவர்தானா?"

"ஆமா. இவர்தான்னு நினைக்கிறேன். நான் முகத்தைவிடக் காலைத்தான் பார்ப்பேன்."

"அவர் என்ன பேசினார்?"

"ஒண்ணும் அதிகமில்ல. அடிபட்ட கால்ல நில்லுங்கன்னேன். 'எந்தக் கால்?'னு கேட்டாரு." அழுகைக்கு நடுவே அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அவ்வளவு நல்லா குணமாயிடுச்சு, எதுன்னே மறந்து போச்சுன்னு கிண்டல் பண்றாருன்னு நானும் சிரிச்சுட்டேன்."

"ஷூ?"

"வாசல்லயே கழட்டி வெச்சாரு. நல்லா பாலிஷ் போட்ட ஜோடி. ஏன் மேடம்?"

"உங்க மேல தப்பில்லம்மா. அழாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

மாலை நான்கரைக்கு மனைவியும் தம்பியும் உடலை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களை மாடிக்கு அழைத்துப் போனார். அளக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போய் உட்காருங்க, டாக்டர் வரட்டும்," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கான்ஸ்டபிள் பூட்ஸ் காலோடு நடு அறை வரை போய்விட்டான். மனைவி வாசலிலேயே தயங்கி, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தம்பி எங்கோ பார்த்தபடி ஷூவைக் கழற்றினான். உள்ளே நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் கையை விட்டான். அங்கே ஒரு கூடை இருந்தது. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைச் சாக்ஸை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, வலது காலில் முழங்கால் வரை இழுத்து மாட்டினான். இரண்டாவதைக் கையில் எடுத்தபோதுதான் அறை அமைதியாக இருப்பதைக் கவனித்தான். அவன் கை அப்படியே நின்றது.

"கூடை அங்க இருக்குன்னு யார் சொன்னது தம்பி?" இன்ஸ்பெக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"என்ன அநியாயம் இது! இவருக்குப் போட்டது நூல். அது தளர்ந்து போய் எலும்பு ரெண்டும் விலகிக் கிடக்கு. இந்தக் கால்ல யாராலும் எம்பி நிக்க முடியாது, ஏணியில இறங்கவே முடியாது. போன மாசமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்ப இறுக்கிவிட்டிருப்பேன். சின்ன ஆபரேஷன். ரெண்டு மூணு மாசத்துல மனுஷன் ஓடியிருப்பார்!"

தம்பி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவனிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு டாக்டர் பேச்சை நிறுத்தினார்.

"உட்காருங்க டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "யாரும் அவரைத் தள்ளல. பாலத்துக் கதவோட தாழ் ஏணிப் பக்கம் இருக்கு. அதைப் போடணும்னா ஏணியில நின்னுதான் போட முடியும். வேலையை முடிச்சு, பழக்கம் மாறாம கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டு இறங்கியிருக்கார். ஏணியில ஒரு ஆளுக்குத்தான் இடம். பாதியில அந்த வலது கால் தாங்கல. படியில ரப்பர் தேய்ஞ்ச கோடு அதுதான். மேனேஜர் நல்லவரோ கெட்டவரோ, கொலைகாரர் இல்ல."

"அப்ப நாங்க அளந்தது?" என்றார் டாக்டர்.

"வேற காலை. கெண்டைக்கால் பாதியா சூம்பினவர் ஒத்தக் கால்ல எம்பி நிக்க மாட்டார். என் காலே இன்னும் நிக்கல. ஷூ நுழையாதவர் பாலிஷ் போட்ட ஜோடியில வர மாட்டார். கணுக்கால் உடைஞ்சவன் எவனும் எந்தக் கால்னு கேட்க மாட்டான் டாக்டர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எது போட்டீங்கன்னு தெரியக் கூடாதுன்னு காலை மறைச்சீங்க. தெரிஞ்ச முகம் அளக்கக் கூடாதுன்னு ஆளை மாத்தினீங்க. வந்தது யாருன்னு பார்க்கத்தான் ஒருத்தரும் மிஞ்சல."

டாக்டர் எக்ஸ்ரேயை மடியில் கவிழ்த்து வைத்தார். அவருடைய ஆராய்ச்சியில் மிகச் சிறந்த கணுக்கால் என்று பதிவானது, உடையாத ஒரு கணுக்கால்.

"அண்ணன் கேட்டாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பி தலையை ஆட்டினான். "இல்ல. நான்தான் சொன்னேன். மரத்தடியில உட்கார்ந்து வேண்டாம்டான்னுதான் சொன்னாரு. கடிதம் இல்லைன்னா வேலை மேனேஜரோட அக்கா மகனுக்குப் போயிடும்னு நான்தான் பயமுறுத்தினேன். அண்ணனுக்கு அந்த விளக்கைத் தவிர ஒண்ணும் தெரியாது மேடம். என்னைப் படிக்க வெச்சது அந்த விளக்குதான். ஒரு மாசம் போனாத் தானா சரியாயிடும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிட்டு நானே ஏறி வந்தேன். நல்லா செய்யணும், நல்லா செய்யணும்னு நினைச்சுக்கிட்டே செஞ்சேன்." மூச்சு வாங்கினான். "நான் கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தாக்கூட டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பாங்க இல்ல?"

சட்டப்படி இது ஆள்மாறாட்டம். வழக்கு வரும், தண்டனையும் வரலாம். அதையெல்லாம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார். வாசலில் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார். யாரென்று சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவளே பேசினாள். குரலில் அழுகை இல்லை.

"அந்த சாக்ஸ் தம்பி பையிலதான் இருந்துது மேடம். துவைக்கும்போதே பார்த்தேன். அவர் காலுக்கு அது ஏறாது. வீக்கத்துல பாதிக்கு மேல போகாது. எனக்குத் தெரியும்."

அண்ணி என்று ஏதோ சொல்ல வந்தான் தம்பி.

"தெரிஞ்சும் கேட்கல. கேட்டா என்ன சொல்லுவாங்களோன்னு கேட்கல. கால் நல்லா இருக்குன்னு ஆஸ்பத்திரியே சொல்லிடுச்சே, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். காலையில ஏணியைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. அதான் அந்த மேனேஜர் சட்டையைப் பிடிச்சேன். வேற யாராவதா இருக்கணும்னு." இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "அவரை விட்டுடுங்க. பாவம்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஸ்டேஷனுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தாள். பெஞ்சின் அருகே தரையில் உட்கார்ந்தாள். தம்பி இன்னும் ஒரு காலில் சாக்ஸும் ஒரு கால் வெறுமையுமாக உட்கார்ந்திருந்தான். அவள் அந்த வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். முழங்காலிலிருந்து சாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி, வலிக்கிற காலிலிருந்து கழற்றுவது போலவே, மெதுவாகக் கழற்றினாள்.

"எழுந்திரு," என்றாள். "கீழ தனியா கிடக்காரு. போகலாம்."